டர்போ குழாயில் ஆயிலா? டர்போவைக் கழற்றும் முன் இன்ஜின் விடும் மூச்சைப் பாருங்கள்

என் அக்காவின் கணவர் ஒரு டீசல் கார் வைத்திருக்கிறார். 80,000 கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவிலிருந்து கிளம்பும் ஹோஸைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துழாவிக் காட்டியிருக்கிறார்கள். விரல் முழுக்கக் கறுப்பு ஆயில். "டர்போ ஆயில் தள்ளுது சார், மாத்தியாகணும்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தான் அங்கிருந்தே எனக்கு போன் செய்தார். நான் கேட்டது இரண்டே கேள்வி. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் எங்கே நிற்கிறது? ஏர் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அவருக்குத் தெரியவில்லை. வண்டியைக் கழற்றியவர்களும் அந்த இரண்டையும் பார்த்திருக்கவில்லை.

அந்த வண்டி என்ன ஆனது என்பதை அப்புறம் சொல்கிறேன். இதே பேச்சு ஊருக்கு ஊர் நடக்கிறது. "ஹோஸில் ஆயில் இருந்தால் டர்போ போச்சு" என்பார் ஒருவர். "எல்லா டர்போவிலும் அப்படித்தான், கண்டுக்காதீங்க" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் சிலர் நல்ல டர்போவைக் கழற்றிப் பல பத்தாயிரம் ரூபாய் செலவழிக்கிறார்கள், சிலர் கெட்டுப்போன டர்போவோடு ஓட்டி இன்ஜினையே இழக்கிறார்கள். ஆயில் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் இந்த இரண்டையும் தவிர்க்கலாம். அதற்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை.

எக்ஸாஸ்ட் ஃபேனில் ஒட்டும் பிசுக்கு

அடுப்புக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றித் துடைத்திருக்கிறீர்களா? இறக்கைகளில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒன்று அப்பியிருக்கும். யாரும் அதன்மேல் எண்ணெய் ஊற்றவில்லை. தாளிக்கும்போதும் வடை பொரிக்கும்போதும் எழுகிற புகையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. ஃபேன் இழுக்கும் காற்றோடு அவை வந்து இறக்கையில் பட்டு ஒட்டுகின்றன. அதன்மேல் தூசி ஒட்டுகிறது. ஒரு வருடம் விட்டால் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஃபேன் கெட்டுப்போனதால் அந்தப் பிசுக்கு வரவில்லை. எண்ணெய்ப் புகை அதன் வழியாகப் போனதால் வந்தது. டர்போ காரின் காற்றுப் பாதையிலும் பெரும்பாலான சமயம் இதுதான் நடக்கிறது. அப்படியானால் இன்ஜினுக்குள் எண்ணெய்ப் புகை எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும்.

பிஸ்டன் ஓரமாகக் கசியும் வாயு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தோல் வாஷர் நன்றாக இருந்தால் அழுத்துகிற காற்று முழுக்க டியூபுக்குப் போகும். வாஷர் தேய்ந்திருந்தால் கொஞ்சம் காற்று பின்பக்கமாக நழுவும். கார் இன்ஜினில் பிஸ்டன்தான் அந்தக் கைப்பிடித் தண்டு, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையங்களான பிஸ்டன் ரிங்குகள்தான் வாஷர். எரிபொருள் வெடிக்கும் நொடியில் டீசல் இன்ஜினுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் 100 மடங்கைத் தாண்டும். அவ்வளவு அழுத்தத்தை எந்த ரிங்கும் முழுதாகத் தடுக்க முடியாது. புத்தம் புது இன்ஜினிலும் கொஞ்சம் வாயு ரிங் ஓரமாகக் கீழே இறங்கும். இதற்கு ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் பெயர் புளோ-பை.

இறங்கிய வாயு போய்ச் சேரும் இடம் கிராங்க்கேஸ். பிஸ்டன்களுக்குக் கீழே, அவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறைக்கு அந்தப் பெயர். அங்கே ஆயில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் இரும்போடு சேர்ந்து தெறித்துக்கொண்டிருக்கிறது. பாதி ஆவி, பாதி நுண்துளி. புளோ-பை வாயு அந்த மூட்டத்துக்குள் நுழைந்து, வெளியேறும்போது அதையும் தன்னோடு எடுத்துக்கொள்கிறது.

வெளியேறாமல் அடைத்து வைத்தால் என்ன? மூடியில் ஓட்டை இல்லாத குக்கரைப் போல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் எந்த சீல் பலவீனமோ அதைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் வெளியே வரும். அதனால் இன்ஜின் மூச்சு விட ஒரு வழி வைத்தே ஆக வேண்டும். அந்த வழிக்கு பிரீதர் என்று பெயர்.

அந்தக் காலத்து கார்களில் பிரீதர் என்பது அடியில் சாலையை நோக்கித் திறந்திருந்த வெறும் குழாய். ஆயில் புகை தெருவில் போனது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறியபோது, கார் விடும் மாசில் ஒரு பங்கு இந்தக் குழாயிலிருந்தும் வருகிறது என்று கண்டார்கள். கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து அந்தப் புகையை வெளியே விடாமல் இன்ஜினே திரும்ப இழுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. அதற்குப் பெயர் பி.சி.வி., அதாவது கிராங்க்கேஸ் வாயுவைத் திரும்ப இழுக்கும் வால்வும் குழாயும். இன்று நம் கார்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் அது உண்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: எல்லா இன்ஜினிலும் ரிங்கைத் தாண்டி வாயு கசிகிறது, அது ஆயில் மூட்டத்தைச் சுமந்து வருகிறது, அந்த மூட்டத்தை இன்ஜினே திரும்பக் குடிக்கும்படி சட்டமும் வடிவமைப்பும் ஆக்கி வைத்திருக்கின்றன. காற்றுப் பாதையில் ஆயில் வாசனையே இல்லாத நவீன கார் கிடையாது.

டர்போ வந்ததும் திசை மாறுகிறது

டர்போ என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சிறு விசிறிகள். ஒரு விசிறியை இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை சுழற்றுகிறது. அதோடு சேர்ந்து சுழலும் மறுமுனை விசிறி, வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. இந்த மறுமுனைக்கு கம்ப்ரசர் என்று பெயர். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் புய்ஷி 1905-இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கார் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்கிறது.

காற்று போகும் வழியை வரிசையாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர், அங்கிருந்து கம்ப்ரசர், பிறகு இன்டர்கூலர், பிறகு மேனிஃபோல்ட், கடைசியில் சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வு. இதில் இன்டர்கூலர் என்பது அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டர் போன்ற பெட்டி. (சைக்கிள் பம்பில் வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடுமே, அதே சூடுதான்.) மேனிஃபோல்ட் என்பது ஒரே குழாயில் வரும் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிளைக்குழாய்.

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் மேனிஃபோல்டுக்குள் பெரும்பாலும் உறிஞ்சும் அழுத்தம்தான். பிரீதர் குழாயை அங்கே இணைத்துவிட்டால் போதும், புகை தானாக உள்ளே போகும். டர்போ காரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கூடிவிடுகிறது. உள்ளே திணிக்கப்படும் காற்றை எதிர்த்துக் கிராங்க்கேஸ் புகை எப்படி நுழையும்? நுழையாது. அதனால் அந்த நேரத்தில் ஒரு வழி வால்வு மேனிஃபோல்ட் பக்கத்தை மூடிக்கொள்கிறது, புகை இன்னொரு குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் போய்ச் சேர்கிறது. டீசலில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழி ஒன்றுதான்.

இங்கேதான் குழப்பம் எல்லாம் பிறக்கிறது. டர்போவுக்கு முன்னால் சேர்ந்த ஆயில் மூட்டம் கம்ப்ரசர் வழியாகவே போகிறது. அங்கே 100 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அடுத்து இன்டர்கூலருக்குள் நுழைந்ததும் குளிர்கிறது. இட்லிக் கொப்பரை மூடியின் உள்பக்கம் நீராவி துளித்துளியாகப் பூப்பதைப்போல், ஆயிலும் இன்டர்கூலரின் உள்சுவரில் பூத்து வழிந்து அடியில் தேங்குகிறது. பெரும்பாலான கார்களில் இன்டர்கூலரும் அதன் கீழ் ஹோஸும்தான் பாதையின் தாழ்ந்த பகுதி. அந்த ஹோஸைக் கழற்றினால் ஆயில் இல்லாமல் எப்படி இருக்கும்?

ஆகவே டர்போவுக்குப் பின்னால் ஆயில் இருப்பதை மட்டும் வைத்து டர்போ மேல் பழி போட முடியாது. டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயைப் பார்க்க வேண்டும். பிரீதர் வந்து சேரும் இடத்திலிருந்தே ஈரம் தொடங்கினால் அது இன்ஜினின் மூச்சு. முன்பக்கம் காய்ந்து சுத்தமாக இருந்து, கம்ப்ரசரைத் தாண்டியதும் சொதசொதவென்று இருந்தால் டர்போவைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும்.

டர்போவே ஆயில் விடுவது எப்போது?

லட்சம் சுற்று சுற்றும் தண்டை பால் பேரிங்கில் மாட்டிய டர்போக்கள் உண்டு. நம் கார்களில் பெரும்பாலும் இருப்பது வேறு விதம். தண்டு உலோகத்தைத் தொடாமல், ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. இன்ஜின் பம்ப் அனுப்பும் ஆயில் மேலிருந்து நுழைந்து, தண்டை நனைத்து, கீழே உள்ள அகலமான குழாய் வழியாகத் தானாக வடிந்து, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. வடிவதற்குப் பம்ப் எதுவும் இல்லை, பள்ளம் நோக்கி ஓடும் தண்ணீர் மாதிரிதான்.

இரண்டு விசிறிப் பக்கமும் ஆயில் போகாமல் தடுப்பது ரப்பர் சீல் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேகத்துக்கும் சூட்டுக்கும் ரப்பர் தாங்காது. இருப்பது பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையம். அது தனியாக முழுத் தடுப்பு ஆகாது. விசிறி இருக்கும் பக்கத்தில் காற்றழுத்தம் கூடுதலாகவும், தண்டு இருக்கும் நடுப்பகுதியில் குறைவாகவும் இருப்பதால்தான் ஆயில் உள்ளேயே நிற்கிறது. கதவில் தாழ்ப்பாள் இல்லை, வெளியிலிருந்து வீசும் காற்றுதான் சாத்தி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று திசை மாறினால் கதவு திறந்துவிடும்.

அந்தத் திசையை மாற்றுகிற காரியங்கள் பல டர்போவுக்கு வெளியே இருக்கின்றன. ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்துக்கொண்டால் கம்ப்ரசர் முன்பக்கம் உறிஞ்சும் அழுத்தம் கூடி, நடுப்பகுதியிலிருந்து ஆயிலை இழுக்கும். பிரீதரும் கூடுதலாகப் புகையை அனுப்பும். ஏ.சி. ஓட வண்டியை மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிறுத்தி வைத்தாலும் கம்ப்ரசரில் போதிய அழுத்தம் பிறக்காமல் மெதுவாகக் கசியும். வடியும் குழாய் நசுங்கியிருந்தாலோ, கருகிய ஆயில் அடைத்திருந்தாலோ, வெளியேற வழியில்லாத ஆயில் பக்கவாட்டில் பிதுங்கும். பிரீதர் அடைத்துக் கிராங்க்கேஸ் அழுத்தம் கூடினாலும் அதேதான், ஏனென்றால் வடியும் குழாய் போய்ச் சேர்வது அந்தக் கிராங்க்கேஸில்தான்.

அப்புறம் ஆயில் அளவு. டிப்ஸ்டிக்கில் குறைந்த குறிக்கும் அதிகக் குறிக்கும் நடுவே பல கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் வித்தியாசம். "கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டால், சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைத் தொட்டு மத்தால் கடைவதைப்போல் கடைந்து நுரையாக்கக்கூடும். மூட்டம் பலமடங்காகும். அதெல்லாம் பிரீதர் வழியாக டர்போவுக்குப் போகும்.

அத்தான் வண்டியில் இருந்தது இதுதான். ஆயில் அதிகக் குறிக்கு மேலே ஒரு விரல் அகலம் நின்றது. ஏர் ஃபில்டரைத் தட்டியதும் செம்மண் கொட்டியது. டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில், பிரீதர் சேரும் இடத்திலிருந்தே ஈரம். கூடுதல் ஆயிலை எடுத்து, புது ஃபில்டர் போட்டு, ஹோஸையும் இன்டர்கூலரையும் கழுவி மாட்டினோம். 3,000 கிலோமீட்டர் கழித்துத் திறந்து பார்த்தபோது உள்ளே மெல்லிய படலம் மட்டுமே. அந்த டர்போ இன்றும் ஓடுகிறது.

எல்லா வண்டியிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். டர்போ உண்மையாகவே தேய்வதும் உண்டு. ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் அழுக்குத் துகள்கள் தண்டைக் கீறும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து அந்தச் சூட்டிலேயே சாவியை அணைத்தால், உள்ளே நிற்கும் ஆயில் கருகிக் கரியாகும். ஏர் ஃபில்டரைத் தாண்டி வந்த ஒரு சிறு கல் விசிறி இறக்கையைக் கடித்துவிட்டால் சமநிலை போய்த் தண்டு ஆடும். இன்ஜின் ஆறியபின் முன்குழாயைக் கழற்றித் தண்டின் முனையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்கலாம். ஆயில் படலம் இல்லாமல் நிற்கும்போது மேலும் கீழும் இம்மி அசைவது இயல்பு. இறக்கை சுற்றுச்சுவரில் உரசுகிற அளவுக்கு ஆடினாலோ, முன்னும் பின்னும் இழுத்தால் கைக்கு அசைவு தெரிந்தாலோ அந்த டர்போவுக்குச் சிகிச்சை தேவை.

டீசலில் தார், பெட்ரோலில் கரி

ஆயில் படலம் தனியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனில் தூசி சேர்ந்தபிறகுதானே அது கெட்டியானது? டீசல் காரில் அந்தத் தூசியின் வேலையைச் செய்வது புகைக்கரி. மாசைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி மேனிஃபோல்டுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். என்ற வால்வு டீசலில் இருக்கிறது. ஒரு பக்கம் பிரீதர் தரும் ஆயில், இன்னொரு பக்கம் இ.ஜி.ஆர். தரும் கரி. இரண்டும் மேனிஃபோல்டில் சந்தித்தால் ரோடு போடும் தார் மாதிரி அப்பிக்கொள்கிறது. நகரத்துக்குள்ளேயே குறைந்த வேகத்தில் ஓடும் வண்டியில் சீக்கிரம் சேரும். காற்று போகும் துவாரம் குறுகி, பிக்கப் குறைந்து, கறுப்புப் புகை தள்ளும்.

பெட்ரோல் டர்போவில் கதை வேறு. பழைய முறையில் பெட்ரோலை வால்வுக்குப் பின்னால் தெளிப்பார்கள், அது வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். இன்றைய பல சிறு டர்போ இன்ஜின்களில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறார்கள். இதற்கு நேரடித் தெளிப்பு, அதாவது ஜி.டி.ஐ. என்று பெயர். மைலேஜுக்கு நல்லது. ஆனால் வால்வு முதுகைக் கழுவ யாரும் இல்லை. சூடான வால்வில் ஒட்டிய ஆயில் அப்படியே வறுபட்டுக் கரியாகிறது, தேய்க்காமல் விட்ட தோசைக்கல் ஓரம் மாதிரி. பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த இடத்துக்குப் போகவே போகாது என்பதும் இதிலிருந்தே புரியும். எரிபொருளே போகாத இடத்துக்கு எரிபொருளில் கலந்த மருந்து எப்படிப் போகும்?

ஆயில் துளி சிலிண்டருக்குள் போனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறைந்த வேகத்தில் அதிகம் மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றி பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அடிக்கும். இதைத் தூண்டும் காரணங்களில் சிலிண்டருக்குள் நுழையும் ஆயில் துளியும் ஒன்று. இந்தச் சிக்கலுக்காகவே அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் 2018-இல் எஸ்.என். பிளஸ் என்ற ஆயில் தரத்தையும், 2020-இல் எஸ்.பி. என்ற தரத்தையும் கொண்டுவந்தது. நேரடித் தெளிப்பு டர்போ வைத்திருப்பவர்கள் ஆயில் கேனின் பின்பக்கம் இந்த எழுத்துகளைத் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

டீசல் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து இன்னும் பெரியது. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் வேண்டாம், அழுத்தத்திலேயே எரியும். டர்போ உடைந்து ஆயில் ஏராளமாகக் காற்றுப் பாதையில் கொட்டினால், இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் குடித்துத் தன் போக்கில் அலற ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டி என்றால் கடைசி கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு அணைக்கப் பார்க்கலாம். முடியவில்லை என்றால் இறங்கி விலகி நில்லுங்கள். பானெட்டைத் திறந்து காற்றுக் குழாயைக் கையால் அடைக்கப் போக வேண்டாம். இது அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது. அதனால்தான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, சுருக்கமாக: ஆயிலோடு கரி சேரும் இடம் டீசலில் மேனிஃபோல்ட், நேரடித் தெளிப்பு பெட்ரோலில் வால்வு முதுகு. இன்டர்கூலரில் தேங்குவது பெரும்பாலும் வெறும் ஆயில்.

எவ்வளவு இருந்தால் இயல்பு?

ஹோஸின் உள்சுவரில் விரல் வைத்தால் ஒட்டும் மெல்லிய படலம் இயல்பு. லட்சத்தை நெருங்கிய வண்டியின் இன்டர்கூலரைக் கவிழ்த்தால் ஓரிரு ஸ்பூன் வடிவதும் பயப்பட வேண்டியதல்ல. டம்ளர் கணக்கில் கொட்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

அளவைவிட நம்பகமான சாட்சி டிப்ஸ்டிக். ஒரே சமதளத்தில், இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து, 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மட்டத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். மட்டம் மாறாமல் ஹோஸில் மட்டும் படலம் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம். மட்டம் சரசரவென்று இறங்கி, பின்னால் நீலப்புகையும் வந்தால் ஆயில் எங்கோ எரிகிறது.

பிரீதரைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திருகிப் பாருங்கள். பல பெட்ரோல் கார்களில் லேசாக உறிஞ்சுவது தெரியும், டீசலில் லேசாகக் காற்று வீசும். மூடி துள்ளும் அளவுக்குப் புகை பீறிட்டால் ரிங் தேய்ந்திருக்கலாம் அல்லது பிரீதர் அடைத்திருக்கலாம். மாறாக மூடியை எடுக்கவே முடியாதபடி இழுத்துப் பிடித்தால், விசில் சத்தமும் வந்தால், பி.சி.வி. வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் சவ்வு சில்லறைக் காசு.

கழுவும்போது

இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வடியவிட்டு, டீகிரீஸர் அல்லது மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி, சோப்புத் தண்ணீரில் அலசி, காற்று அடித்து, வெயிலில் முழுதாகக் காயவைத்து மாட்டினால் வேலை முடிந்தது. இதில் காயவைப்பதுதான் உயிர்நாடி. உள்ளே மண்ணெண்ணெய் தேங்கியிருக்க மாட்டிவிட்டால், டீசல் இன்ஜின் அதையும் எரிபொருளாகக் குடிக்கும். ரப்பர் ஹோஸை பெட்ரோலில் ஊறப் போடாதீர்கள், உப்பிவிடும். சோப்புத் தண்ணீரே போதும். மாட்டும்போது கிளாம்பையும் ஓ-ரிங்கையும் பாருங்கள். இணைப்பில் வெளிப்பக்கம் எண்ணெய்ப் பசையோடு தூசி ஒட்டியிருந்தால் அங்கே காற்றும் கசிகிறது என்று அர்த்தம்.

காற்றின் அளவைப் பார்க்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும். துணியால் துடைத்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய கம்பியோ படலமோ போய்விடும்.

மேனிஃபோல்டில் தார் படிந்திருந்தால் கழற்றிச் சுரண்டுவதுதான் சரியான வழி. ஓடும் இன்ஜினின் காற்றுப் பாதையில் ஸ்ப்ரே அடித்து "டீகார்பனைஸ்" செய்வதாகச் சொல்லும் இடங்கள் பெருகிவிட்டன. லேசான படலத்துக்கு அது கொஞ்சம் உதவலாம். கெட்டியான கரி துண்டாகப் பெயர்ந்தால் சிலிண்டர் வழியாகப் போய், லட்சம் சுற்றில் சுழலும் டர்போ விசிறியில் அடிக்கும். அந்த அபாயத்தை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. நேரடித் தெளிப்பு இன்ஜினின் வால்வுக் கரியை எடுக்க, மேனிஃபோல்டைக் கழற்றி, அந்த சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து, கூடவே உறிஞ்சி எடுக்கிறார்கள். வால்வை நோகடிக்காமல் கரியை மட்டும் எடுக்கும் முறை அது.

டர்போ உண்மையாகவே உடைந்து மாற்றினால், இன்டர்கூலரைக் கழுவாமல் வண்டியை எடுக்காதீர்கள். பழைய ஆயிலும் உலோகத் துணுக்கும் அதற்குள் ஒளிந்திருக்கும். புது டர்போ போட்டும் புகை நிற்கவில்லை என்று புலம்புகிற பலருக்கு நடந்தது இதுதான்.

மறுபடி சேராமல் இருக்க

முதலில் சரியான ஆயில். ஆயில் எவ்வளவு ஆவியாகும் என்பதை அளக்க நோக் என்ற சோதனை இருக்கிறது. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடையில் எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்ப்பார்கள். மேலே சொன்ன எஸ்.பி. தரத்துக்கு உச்ச வரம்பு 15 சதவீதம், ஐரோப்பிய சி3 தரத்துக்கு 13. ஆவி குறைந்தால் பிரீதரில் வரும் மூட்டமும் குறையும். பி.எஸ்.6 என்ற இந்திய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசலில் இது இன்னும் முக்கியம். எரிந்த ஆயில் விடும் சாம்பல், புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டியில் தங்கிவிடும், கரியை எரிப்பதுபோல் அதை எரித்து நீக்க முடியாது. கார் கையேட்டில் உள்ள தரத்தை மாற்றி வேறு ஆயில் ஊற்ற வேண்டாம்.

ஏர் ஃபில்டரை நம் ஊர் மண்ணுக்கு ஏற்பச் சீக்கிரமே மாற்றுங்கள். வேகமாக ஓட்டி வந்தால் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியை வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால், ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும்.

கேட்ச் கேன் மாட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிரீதர் குழாயின் நடுவில் வைக்கும் சிறு டப்பா அது. புகை அதற்குள் தடுப்புகளில் மோதிச் சுற்றிப் போகும்போது ஆயில் துளிகள் அடியில் விழுந்துவிடும். நேரடித் தெளிப்பு பெட்ரோலுக்கும் பழைய டீசலுக்கும் நல்ல பலன் தரும் என்பது என் எண்ணம். ஆனால் உள்ளே தடுப்பு இல்லாத வெறும் டப்பாக்களும் சந்தையில் கிடைக்கின்றன, அவை ஆயிலைப் பிடிப்பதில்லை. குறுகலான குழாய் வைத்துக் கிராங்க்கேஸ் அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் நாமே டர்போவைக் கசிய வைத்ததாகும். புகையைத் திரும்ப இன்ஜினுக்கு அனுப்பாமல் வெளியே திறந்துவிடும் வகையை வாங்காதீர்கள். வாரண்டி இருக்கும் வண்டி என்றால் மாட்டும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

மாட்டினால், எண்ணெய் மாற்றும்போது மட்டும் நினைவு வந்தால் போதாது. முதல் முறை 1,000 கிலோமீட்டரில் திறந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த முறையை முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் அதில் மோர் நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். ஆயிலும் நீரும் கலந்தது அது, குறுகிய தூரம் ஓடும் வண்டியில் சகஜம். கூலண்ட் மட்டமும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும், சிலிண்டர்களுக்கும் மேல்மூடிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். வடித்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றக் கூடாது, சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்து, அடுத்த சர்வீஸின்போது ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் சேர்க்கும் பேரலில் ஊற்றச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.